தொகுதி ஆஸ்பத்திரியில், பகுதி தெருவில்

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பள்ளிக்கூடத்தில் படித்தது. தொற்றுநோயியல் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அந்தப் பின்னத்தை ஒழுங்காகப் போடுகிற வேலை என்று சொன்னால் போதும். இத்தனை பேருக்கு டெங்கு என்பது தொகுதி. எத்தனை பேரில் இத்தனை பேருக்கு என்பது பகுதி. தொகுதியை எண்ண ஆஸ்பத்திரி இருக்கிறது, லேப் இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. பகுதியை எண்ண யாராவது வெயிலில் தெருத்தெருவாக நடந்தால்தான் உண்டு. ஜெனீவா, லண்டன், அட்லாண்டா என்று பெரிய ஊர்ப் பெயர்களோடு சொல்லப்படும் உலகப் பொது சுகாதார ஆராய்ச்சியும் இந்தக் கீழ் எண்ணின் மேல்தான் நிற்கிறது. (பகுதி என்றால் ஏரியா என்றும் பொருள். இந்த வேலைக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.)

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எம்பிபிஎஸ், நர்சிங், நுண்ணுயிரியல், புள்ளியியல் படித்துக்கொண்டு, இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம்ம ஊரையே பயிற்சிக் களமாக வைத்துப் பார்க்கலாம்.

முதல் கண்ணி மாவட்ட எல்லை. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியில் 15,06,843 பேர், கிருஷ்ணகிரியில் 18,79,809 பேர். பழைய பதிவேட்டில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருக்கும் எண்ணில் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் ஊத்தங்கரையும் சேர்ந்தே இருக்கும். இது தெரியாமல் இருபது வருட வரைபடம் போட்டால் 2004இல் கோடு தடாலென்று பாதிக்குக் கீழே விழும். நோய் குறைந்ததாக யாராவது கட்டுரையும் எழுதிவிடுவார்கள். தப்பிக்க வழி எளிது: வட்டம், ஒன்றியம் அளவில் எண்களைப் பிரித்து, இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தே தொடர் வரிசை போடுங்கள். அந்த அளவில் பழைய எண் கிடைக்கவில்லை என்றால் 2004க்குப் பிறகே தொடங்குங்கள்.

அடுத்தது தொகுதியில் விழும் ஓட்டை. ஓசூர்க்காரருக்குக் காய்ச்சல் முற்றினால் பெங்களூருதான் பக்கம். அங்கே டெங்கு உறுதியானால் அந்தப் பதிவு கர்நாடகத்தில் ஏறும். நோயாளியின் முகவரியை வைத்து எண்ணைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உண்டு; முகவரிக் கட்டத்தில் ‘ஓசூர் ரோடு, பெங்களூரு’ என்று உறவினர் வீட்டை எழுதிவிட்டால் அவ்வளவுதான். நோய்க் கண்காணிப்பில் எஸ், பி, எல் என்று மூன்று படிவம்: களப்பணியாளர் சந்தேகப்பட்டது, மருத்துவர் கணித்தது, லேப் உறுதி செய்தது. இப்போது இவை இணையதளத்தில் ஏறுகின்றன. ஆய்வுக்கு எடுக்கும்போது மூன்றையும் கூட்டிவிடாதீர்கள். ஒரே ஆள் மூன்றிலும் இருப்பார்.

டெங்குவில் தேதியும் முக்கியம். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 எலைசா ரத்தச் சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு. உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா அதற்குப் பிறகு. இரண்டாம் நாள் ஐஜிஎம் பார்த்து நெகட்டிவ் என்று அனுப்பினால் அது நெகட்டிவ் இல்லை, அவசரம். நோயாளிக்கு ஒரு வரி என்று எழுதும் லைன் லிஸ்டில் ரத்தம் எடுத்த தேதி மட்டும் இருந்து, காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லை என்றால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. நோய்ப்பரவல் வரைபடத்தின் கீழ்க்கோட்டில் வர வேண்டியது காய்ச்சல் தொடங்கிய தேதிதான்.

இனி தண்ணீர்த் தொட்டிக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனாலும் குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில், வருகிற அன்றைக்குப் பிடித்து வைப்பதுதான் குடும்பத்தின் சாமர்த்தியம். சிமெண்ட் தொட்டி, 200 லிட்டர் டிரம், பிளாஸ்டிக் குடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

தொட்டியில் கொசுப்புழு பார்ப்பது சும்மா எட்டிப் பார்ப்பதல்ல. உங்கள் நிழல் விழுந்தால் புழுக்கள் துள்ளிக்கொண்டு அடிக்குப் போய்விடும். நிழல் விழாத பக்கம் நின்று, டார்ச்சை சாய்வாக அடித்து, ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். மூச்சுவிட மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். நீர்ப்பரப்போடு படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ். காற்புள்ளி போல் சுருண்டிருப்பது கூட்டுப்புழு. அதைக் கண்டால் கணக்கில் தனியாகக் குறியுங்கள், இரண்டு நாளில் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. ஏடிஸ் முட்டை தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

இங்கேயும் பகுதி வந்து மறிக்கும். ஒரு வார்டில் 100 வீடு. 20 வீடு பூட்டு. பார்த்தது 80. அதில் 8 வீட்டில் புழு. வீட்டுக் குறியீடு 8ஐ 80ஆல் வகுத்து 10 சதவீதம். பல பதிவேட்டில் 8 என்று இருக்கும். பூட்டிய வீட்டையும் புழு இல்லாத வீடாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த 80 வீட்டில் 240 பாத்திரம் பார்த்து 12இல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு 5. நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம் என்பது பிரெட்டோ குறியீடு: 15. மூன்று குறியீட்டுக்கும் எண்கள் இந்த ஒரே நடையில் கிடைத்தவைதான். ஆனால் பூட்டிய 20 வீடு யாருடையது? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களுடையது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் மூடாத தொட்டி. புழு அதிகம் இருக்க வாய்ப்புள்ள வீடுகளே விடுபடுகின்றன என்றால் உண்மையான குறியீடு 10ஐவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மருந்து கணக்கையும் சொல்லிவிடுகிறேன், களத்தில் நிறைய பேர் தடுமாறுகிற இடம். குடிநீரில் டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 சதவீத மருந்து என்றால் 1,000 லிட்டருக்கு 2 மில்லி. ஒரு டிரம்முக்கு அரை மில்லிகூட வராது, அதை யாரும் அளக்க முடியாது. ஆகவே 20 மில்லி மருந்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்வது; அந்தக் கரைசலில் 100 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி, 200 லிட்டர் டிரம்முக்கு 200 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினால் நாற்றமடிக்கும், அடுத்த வாரம் அந்த வீட்டில் கதவு திறக்காது. தொகுதி பகுதி இரண்டுமே போச்சு.

புழுவிலிருந்து ரத்தத்துக்கு. ஊரில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுதான் இந்தத் துறையில் புதிதாகச் சேருகிறவர் முதலில் கையில் வாங்கும் வேலை. எத்தனை பேர் வேண்டும்? எதிர்பார்ப்பு தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்து, இரு பக்கமும் 5 சதவீதம் பிழை அனுமதித்தால் 385 பேர். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுபோல் இருக்கும். ஒரே தெருவில் பத்துப் பேரை எடுப்பது பத்து ஊரில் பத்துப் பேரை எடுப்பதற்குச் சமம் ஆகாது. அந்த நட்டத்துக்காக இரண்டால் பெருக்குகிறோம்: 770. பத்தில் ஒருவர் மறுப்பார் என்றால் 770ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 856. இங்கே 10 சதவீதம் கூட்டி 847 என்று எழுதுவது வழக்கமான பிழை. 30 கொத்தாக, அதாவது 30 ஊராகப் பிரித்தால் கொத்துக்கு 29 பேர், மொத்தம் 870.

முப்பது ஊரை எப்படி எடுப்பது? ஊர்ப் பட்டியலில் ஒவ்வொன்றின் மக்கள்தொகையையும் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தை 30ஆல் வகுங்கள். ஒன்பது லட்சம் என்றால் இடைவெளி 30,000. 1க்கும் 30,000க்கும் நடுவே சீரற்ற எண் ஒன்று, உதாரணமாக 12,417. கூட்டுத்தொகையில் அது எந்த ஊரில் விழுகிறதோ அது முதல் கொத்து. அப்புறம் 42,417, 72,417 என்று போக வேண்டியது. பெரிய ஊருக்கு வாய்ப்பு பெரிது. இந்த முறையில் எங்கே வழுக்கும் என்றால், பட்டியலில். அஞ்செட்டி, வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் குக்கிராமங்கள் தாய்க் கிராமத்தின் பெயருக்குள் மறைந்திருக்கும். ஊர் சிக்கினாலும், குழு ஜீப் நிற்கிற இடத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடும். பகுதியில் இருக்கும் மக்கள், போன இடத்தில் இல்லை. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் குக்கிராமப் பட்டியலைக் கேட்டு வாங்கி, முதல் நாளே தனித்தனியாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

ஊருக்குள் போனதும் வீடு எடுக்க, நடுத்தெருவில் நின்று பேனாவைச் சுழற்றி அது காட்டும் திசையில் போகிற பழக்கம் இருந்தது. கோயில் பக்கத்து வீடுகளே அதிகம் விழும், ஓரத்துக் குடியிருப்பு தப்பிவிடும். எந்த ஊரில் ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணி இலக்கமிட்டு, அதிலிருந்து குலுக்குவதே சரி. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இரண்டு வாரத்தில் பழகிவிடலாம்.

நேரமும் ஒரு சல்லடைதான். காலை பதினொன்றுக்குப் போனால் பாட்டியும் கைக்குழந்தையும் இருப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் பையன் தூங்குவான் அல்லது இருக்க மாட்டான். மாங்காய்ச் சீசனில் தோப்பில் இருப்பார்கள். காலை ஆறு முதல் எட்டு, மாலை ஆறுக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை. மூன்று தடவை போயும் ஆள் இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஆளை அந்த இடத்தில் நிரப்பாதீர்கள். வீட்டில் சுலபமாகக் கிடைக்கிறவரும் கிடைக்காதவரும் ஒரே மாதிரி கொசுக்கடி வாங்குவதில்லை.

கேள்வித்தாளை சென்னையில் மேசையில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தால் தளியில் மாட்டிக்கொள்வீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு, வடக்குப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் நடக்கும். மூன்று மொழியிலும் கேள்வித்தாள் வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். தமிழிலேகூட ‘வயிற்றுப்போக்கு’ என்று கேட்டால் முழிப்பார்கள். ‘வயித்தால போச்சுங்களா, நாளைக்கு மூணு தடவைக்கு மேல, தண்ணியாட்டம்?’ என்று கேட்டால்தான் பதில் வரும். ‘கடந்த பதினைந்து நாளில்’ என்பதும் யாருக்கும் பிடிபடாது. ஆடிப்பெருக்குக்கு முன்னா பின்னா, மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியதற்கு முன்னா என்று கேளுங்கள். நாள்காட்டியில் அந்த ஊருக்கான பண்டிகைகளை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் நேர்காணல் பாதி நேரத்தில் முடியும்.

ரத்தம் மூன்று மில்லி எடுத்தால் போதும். குழாயை நேராக நிறுத்தி அரை மணி நேரம் உறைய விடுங்கள், நிழலில். உறையும் முன்பே ஐஸ் பெட்டிக்குள் வைப்பதும், ஐஸ் கட்டி கண்ணாடிச் சுவரைத் தொடும்படி வைப்பதும் சிவப்பணுக்களை உடைக்கும். சீரம் வைக்கோல் நிறமாக வருவதற்குப் பதில் ரோஸ் நிறமாக வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஐஸ் பேக்கை எடுத்தவுடன் வைக்காமல், வெளியே சற்று வியர்க்கவிட்டு, துணி அல்லது அட்டை இடையில் வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுபோக வேண்டும். அஞ்செட்டி மலைப்பாதையில் குழாய் குலுங்காமல் இருக்க ஸ்டாண்டைச் சுற்றிப் பஞ்சு திணிக்கிறவர் அனுபவசாலி. மையால் எழுதிய லேபிள், ஐஸ் பெட்டியின் ஈரத்தில் அரை நாளில் அழியும். அச்சிட்ட பார்கோடு ஒட்டி, அதே எண்ணைப் படிவத்திலும் ஒட்டுவது தவிர வேறு வழியில்லை. எண் தெரியாத குழாயைக் கொட்டத்தான் வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது.

சோதனைக் கருவியும் பொய் சொல்லும். 1,000 பேரில் உண்மையாகவே 20 பேருக்குத்தான் பழைய தொற்று என்று வையுங்கள். கருவி, இருப்பதில் 90 சதவீதத்தைப் பிடிக்கும். இல்லாதவரில் 98 சதவீதத்தை இல்லை என்று சரியாகச் சொல்லும். பிடிபடுவது 18. மீதி 980 பேரில் 2 சதவீதம், ஏறக்குறைய 20 பேர், சும்மா பாசிட்டிவ். மொத்தம் 38, பாதிக்கு மேல் பொய். 3.8 சதவீதம் என்று அப்படியே வெளியிட்டால் இருமடங்கு பிழை. சரிசெய்ய: 0.038 கூட்டல் 0.98 கழித்தல் 1, அதை 0.90 கூட்டல் 0.98 கழித்தல் 1ஆல் வகுத்தால் 2 சதவீதம் வரும். பழைய தொற்றைக் காட்டும் டெங்கு ஐஜிஜி சோதனை, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸோடும் அதன் தடுப்பூசியோடும் குழம்பும் என்பதால் இந்தத் திருத்தம் அலங்காரமல்ல.

இதெல்லாம் கூலி வேலைபோலத் தெரிகிறதே, ஆராய்ச்சி எங்கே என்று கேட்கலாம். உலகம் காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது சென்னையில் நடந்த ஓர் ஆய்வால். 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு: வீட்டு வைத்தியம் சளைத்ததல்ல. ஆனால் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குத் தொற்றுமே என்ற கேள்விக்குப் பதில் சொன்னது, அந்தக் குடும்பத்தாரை ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்த வேலை. அதுவும் பகுதிதான். வடஆற்காடு மாவட்டத்தில் 1980களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டி. ஜேக்கப் ஜான் முன்நின்று நடத்திய நோய்க் கண்காணிப்புக்குக் கருவி என்ன தெரியுமா? அச்சடித்த தபால் அட்டை. மருத்துவர் நிரப்பித் தபால்பெட்டியில் போட்டால் போதும். 2023இல் வெளிவந்த, உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது மேல் என்று காட்டிய ஆய்வும் இந்திய ஆஸ்பத்திரிகளில், வேலூரை மையமாக வைத்து நடந்ததே.

நுழைய வழி பல. எம்பிபிஎஸ் முடித்தவர் சமூக மருத்துவத்தில் எம்டி செய்யலாம். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 முதல் நடத்தும் இரண்டு வருட இஐஎஸ் (தொற்றுநோய்ப் புலனாய்வு) பயிற்சியும் இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 1999 முதல் இயங்குகிறது. 2001 முதல் களப் பயிற்சியோடு முதுகலைப் படிப்பு நடத்துகிறது. பூச்சியியல் பிடித்தவருக்குப் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம். கால்நடை மருத்துவர், செவிலியர், புள்ளியியல் படித்தவர் யாரும் இங்கே அந்நியரல்ல. சொல்லப்போனால் ஒரு நல்ல தரவு மேலாளர் கிடைக்காமல்தான் திட்டங்கள் திணறுகின்றன. புள்ளிவிவரக் கணக்குக்கு ஆர் மொழி, கைபேசியில் படிவம் நிரப்ப ஓடிகே, இரண்டும் இலவசம்.

என் கருத்து: கடன் வாங்கி வெளிநாட்டு எம்பிஹெச்சுக்கு (பொது சுகாதார முதுகலை) முதலில் ஓடாதீர்கள். இரண்டு வருடம் திட்டப் பணியில் களத்தில் இருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் போன்ற உதவித்தொகைக்கே இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். திட்டப் பணி ஒப்பந்தம்தான், பணம் வருகிற வரை. வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘நிரந்தரமா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும்.

வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தால் காகிதம் கூடும். நெறிமுறைக் குழு ஒப்புதலோடு, மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். ரத்த மாதிரி நாட்டு எல்லை தாண்டினால் தனி ஒப்பந்தம். பிள்ளைகளிடம் ரத்தம் எடுக்க பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது: 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், 12 முதல் 18 வரை எழுத்தில். இந்த அனுமதிகளுக்குக் கால அட்டவணையில் இடம் விடாதவர், மழைக்காலத்தில் செய்ய வேண்டிய டெங்கு ஆய்வைப் பங்குனி வெயிலில் தொடங்குவார். கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். மருத்துவ இதழ்களின் விதிப்படி திட்டமிடல் அல்லது தரவு, எழுத்து, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு என நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். ரத்தம் எடுத்ததற்காக மட்டும் பெயர் வராது, ஆகவே எழுதும் மேசையில் இடம் கேட்டு உட்காருங்கள்.

நாள் முடிவில் ஒரு வேலை மிச்சம் இருக்கும். போலியோ சொட்டு மருந்துக் குழுக்கள் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் பி என்றும் எக்ஸ் என்றும் எழுதிவிட்டுப் போவார்கள். எக்ஸ் என்றால் பிள்ளை விடுபட்ட வீடு, திரும்பப் போக வேண்டியது. அந்தப் பழக்கத்தை உங்கள் ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு எக்ஸ் வீடுகளைத் தனித் தாளில் தெருவாரியாக எழுதி, மீதிக் குழாய்களை எண்ணி, ஆறரைக்கு மேல் டார்ச்சோடு கிளம்புங்கள். வாசலில் நின்றதும் பெயரைச் சொல்லும் முன் நாயைக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.